சேற்றுக் குமிழியின் கணக்கு

நடவு முடிந்து மூன்று வாரம் ஆன வயலில் இறங்கி நடந்திருக்கிறீர்களா? கால் வைக்கிற இடத்திலெல்லாம் சேற்றுக்குள்ளிருந்து குபுகுபுவென்று குமிழி கிளம்பும். தண்ணீரின் மேலே வந்து உடையும். உரம் போட, களை எடுக்க என்று வயலில் இறங்குகிற யாரும் அதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. சேறு என்றால் குமிழி வரும், அவ்வளவுதான்.

அந்தக் குமிழிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் நம் கோயம்புத்தூருக்கும் பங்கு உண்டு, நம்மவர் ஒருவர் பெயரும் உண்டு. நெல் விஞ்ஞானம் படித்தவர்கள் தவிர மற்றவர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இன்று எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

குமிழிக்குள் இருப்பது பெரும்பாலும் மீத்தேன். முதலில் அதைப் பிடித்துப் பார்த்தவர் இத்தாலிக்காரரான வோல்டா. மின்சாரத்தில் 'வோல்ட்' என்கிறோமே, அவரேதான். 1776 நவம்பரில் மஜ்ஜோரே என்ற ஏரியின் கரையோரச் சேற்றைக் கம்பால் கிளறி, மேலே வந்த குமிழிகளைக் கவிழ்த்த பாட்டிலில் பிடித்தார். நெருப்பு வைத்தால் நீலமாக எரிந்தது. சதுப்பு வாயு என்று அதற்குப் பெயர் வந்தது. அந்த ஏரிக்குச் சற்றுத் தெற்கே வெர்செல்லி என்ற ஊரைச் சுற்றித்தான் இத்தாலியின் நெல்வயல்கள் இருக்கின்றன. இரண்டு நூற்றாண்டு கழித்து அந்த வெர்செல்லி நம் கதைக்குள் மறுபடி வரும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் வேலை பார்த்தது மண் பரிசோதனை நிலையத்தில், தஞ்சாவூர்ப் பக்கம். துணிப்பையில் மண் வரும். உள்ளே ஒரு சீட்டில் விவசாயி பெயர், சர்வே எண், போன பட்டத்துப் பயிர், வரப்போகிற பயிர். நிழலில் உலர்த்தி, தட்டி, சலித்து, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதில் 'அங்ககக் கரிமம்' என்று ஒரு கட்டம். மண்ணில் மக்கிய பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதற்கான அளவு அது. பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் ஊற்றினால் குடுவை கை பொறுக்காத சூடாகும். அரை மணி நேரம் ஆறவைத்து, தண்ணீர் விட்டு, பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடும்போது கருநீலம் திடீரென்று பச்சையாக மாறும். 1934-ல் வாக்லி, பிளாக் என்ற இருவர் கண்டுபிடித்த முறை; நான் ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் அதேதான். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று அட்டையில் எழுதிக் கொடுப்போம்.

அட்டை வாங்க வருகிறவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே கிடையாது. "யூரியா எத்தனை மூட்டை, பொட்டாஷ் எத்தனை மூட்டை, அதைச் சொல்லுங்க" என்பார்கள். ஒரே ஒருவர் மட்டும் கேட்டார். பூதலூர்ப் பக்கத்துக்காரர், அறுபது வயதிருக்கும்.

"தொழு எரு போட்டு ஏழெட்டு வருஷமாச்சு சார். வைக்கோலை மாட்டுக்குக் கொண்டு போயிடறோம். தழையும் மிதிக்கிறதில்லை. நீங்க 'நடுத்தரம்'னு எழுதியிருக்கீங்க. எங்கேயிருந்து வந்துது இது?"

"வேர்தான் ஐயா, தாளும் வேரும்."

"வேர் ஒரு பிடி இருக்குமா? அதுக்கு இவ்வளவா?"

நியாயமான கேள்வி. பிடுங்கிப் பார்த்தால் கையில் வருவது ஒரு பிடி வேர்தான். மீதி எங்கே? இதற்கு முழுப் பதில் சொல்ல விஞ்ஞானத்துக்கே எண்பது வருஷம் பிடித்தது. பதில் வந்த வழி அந்தக் குமிழி வழியாகத்தான்.

இனி கோயம்புத்தூருக்குப் போவோம்.

சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி, 1900-களின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு இடம் மாறிக் கல்லூரியாயிற்று. 1912-ல் அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. சென்னை ராஜதானியின் அரசாங்க விவசாய ரசாயனராக இருந்தவர் டபிள்யூ. எச். ஹாரிசன் என்ற வெள்ளைக்காரர். அவருடைய உதவியாளர் பி. ஏ. சுப்பிரமணிய அய்யர். இருவரும் சேர்ந்து 1913-ல் 'சேற்று நெல் நிலங்களின் வாயுக்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். இந்திய விவசாய இலாகாவின் ரசாயன வரிசையில் வந்தது. அதற்கடுத்து 1914-லும் 1916-லும் தொடர்ச்சிகள் வந்தன.

பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் போயிருந்த இரண்டு வாரத்தில், சாயங்காலம் நூலகத்தில் உட்கார்ந்து அந்தப் பழைய தொகுதிகளைப் புரட்டியிருக்கிறேன். பக்கங்கள் அப்பளம் மாதிரி உடைந்தன. எனக்கு அதிசயமாக இருந்தது அவர்களுடைய கேள்விதான். உலகம் சூடாவதைப் பற்றியெல்லாம் அன்றைக்கு யார் கவலைப்பட்டார்கள்? அவர்கள் கவலை வேறு. மற்றப் பயிர்களின் வேர் தண்ணீரில் நின்றால் அழுகிப் போகிறது. நெல் மட்டும் மூன்று மாதம் நான்கு மாதம் சேற்றில் நின்று செழிக்கிறதே, அதன் வேர் எப்படி மூச்சு விடுகிறது? சேற்றுக்குள் ஆக்சிஜனே இல்லை. அங்கே இருப்பதெல்லாம் மீத்தேன், நைட்ரஜன், கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் ஹைட்ரஜன். பயிர் நட்ட மண்ணிலும் நடாத மண்ணிலும் வாயுவைப் பிடித்துப் பகுத்துப் பார்த்து இதைச் சொன்னார்கள்.

இரண்டாம் பகுதியில்தான் சுவாரசியம். வயல் மண்ணின் மேலே ஒரு வழுவழுப்பான படலம் படியும், பார்த்திருப்பீர்கள். பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த படலம். கீழிருந்து வரும் மீத்தேனையும் ஹைட்ரஜனையும் அங்குள்ள நுண்ணுயிர்கள் ஆக்சிஜனோடு சேர்த்து 'எரித்து'க் கார்பன் டை ஆக்சைடாக்குகின்றன. அதை வெயிலில் பாசி எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளிவிடுகிறது. அந்த ஆக்சிஜன் தண்ணீரில் கரைந்து, தண்ணீர் கீழே இறங்கும்போது வேருக்குப் போய்ச் சேருகிறது. இதுதான் அவர்கள் கண்டது. தழை உரம் போடுவதால் பயிருக்கு வரும் நன்மையில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்றார்கள். தழை அழுகினால் வாயு பெருகும், வாயு பெருகினால் படலம் சுறுசுறுப்பாகும், வேருக்கு மூச்சு கிடைக்கும். ஆக 1914-ல் சேற்றுக் குமிழி பயிருக்கு நண்பன்.

ஹாரிசன் பிறகு பீகாரில் பூசாவில் இருந்த ஏகாதிபத்திய ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரிய பதவியில் போய்விட்டார். 1920-ல் அந்த வரிசையின் ஐந்தாம் பகுதி வந்தது. நெல் மண்ணிலிருந்து மீத்தேனைத் தின்னும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்த கட்டுரை அது. ஆசிரியர் பெயர் இருக்குமிடத்தில் சுப்பிரமணிய அய்யர் மட்டும். துரை பெயர் முன்னே, உதவியாளர் பெயர் பின்னே என்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். அதனால் அந்த ஒற்றைப் பெயரை அச்சில் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாவை ஹாலந்தில் சோன்கென் என்பவர் 1906-ல்தான் முதன்முதலாக விவரித்திருந்தார். பதினான்கு வருஷத்தில் கோயம்புத்தூர் நெல்வயலிலிருந்து ஒன்று! இன்றும் நெல் மண் வாயுக்களைப் பற்றி உலகில் எங்கே எழுதினாலும் சரித்திரம் சொல்லத் தொடங்கினால் 'ஹாரிசன், அய்யர் 1913' என்று வந்துவிடும்.

அவர்கள் சொன்னதில் ஒரு பாதி பின்னால் மாறியது. 1941-ல் ஜாவாவில் வான் ரால்ட் என்ற டச்சுக்காரர், நெல் வேருக்கு ஆக்சிஜன் முக்கியமாக மேலிருந்து, செடிக்குள்ளேயே இருக்கும் காற்றுக் குழாய்கள் வழியாக வருகிறது என்று காட்டினார். இலையிலிருந்து தண்டு வழியாக வேர் வரை தாமரைத் தண்டு மாதிரி வெற்றிடங்கள் ஓடுகின்றன. நல்ல பயிரைப் பிடுங்கினால் வேர் செம்பழுப்பாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வேரிலிருந்து கசியும் ஆக்சிஜனால் சேற்றிலுள்ள இரும்பு துருப்பிடித்து மேலே படிந்த நிறம் அது. வேர் கறுத்து அழுகின முட்டை வாடை வந்தால் மூச்சு போதவில்லை என்று அர்த்தம். படலத்தைப் பற்றி அவர்கள் சொன்னதோ இன்றைக்கும் நிற்கிறது. சேற்றில் உண்டாகும் மீத்தேனில் கணிசமான பங்கு வெளியே வராமல் தடுக்கப்படுவது மண்ணின் மேற்பரப்பிலும் வேரைச் சுற்றியும் இருக்கிற அந்தத் தின்னிகளால்தான்.

அதன்பின் நாற்பது வருஷம் குமிழியை அதிகம் பேர் சீண்டவில்லை. மறுபடி அது பேச்சுக்கு வந்தபோது குற்றவாளிக் கூண்டில் நின்றது.

1963-ல் ஜப்பானில் கோயாமா என்பவர், சோதனைச்சாலையில் நெல் மண்ணிலிருந்து வந்த வாயுவை அளந்து, உலகத்து நெல்வயல்கள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 19 கோடி டன் மீத்தேன் விடும் என்று கணக்குப் போட்டார். காற்றில் மீத்தேன் கூடிக்கொண்டே போகிறது, அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பலமடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தக் கணக்குக்கு மவுசு வந்தது. 1981-ல் கலிபோர்னியாவில் சிசரோன், ஷெட்டர் இருவரும் நிஜ வயலில் பெட்டி வைத்து அளந்தார்கள். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற குமிழி வழியாக வருவது சொற்பம். பெரும்பகுதி செடிக்குள்ளே ஏறி வெளியே போகிறது! வேருக்கு மூச்சு கொண்டு போகிற அதே குழாய்கள் சேற்று வாயுவுக்குப் புகைபோக்கியாகவும் இருக்கின்றன. பிறகு ஜெர்மானியர்கள் வெர்செல்லி வயல்களில் (வோல்டாவின் ஏரிக்குத் தெற்கே என்றேனே, அங்கேதான்) வருஷக்கணக்கில் அளந்தார்கள். 1986-ல் பயிர் நட்ட மண்ணையும் நடாத மண்ணையும் ஒப்பிட்டார்கள். முழுதாக வளர்ந்த பயிர் இருந்தால் மீத்தேனில் பத்தில் ஒன்பது பங்கு அதன் உடம்பு வழியாகவே போகிறது என்றார்கள். வாயு இலைத்துளை வழியாக அல்ல, தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையின் சின்னஞ்சிறு துளைகள் வழியாகப் போகிறது என்று 1990-ல் ஜப்பானியர்கள் கண்டார்கள்.

இந்த இடத்தில் கதையில் அரசியல் புகுந்தது.

1990-91 வாக்கில் எந்த நாடு எவ்வளவு வெப்ப வாயு விடுகிறது என்று பட்டியல் போட ஆரம்பித்தார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் மதிப்பீட்டில் இந்திய நெல்வயல்கள் மட்டும் வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுவதாக இருந்தது. இத்தாலி, அமெரிக்கா போன்ற இடங்களில் அளந்ததை நம் நாட்டுப் பரப்பளவால் பெருக்கினால் அப்படித்தான் வரும். அங்கே கரிமம் மிகுந்த மண், அறுப்பு வரை தேங்கி நிற்கும் தண்ணீர். இங்கே பாதிக்கு மேல் கரிமம் குறைந்த மண். மானாவாரி, பள்ளக்கால், மேட்டுக்கால் என்று வாரத்துக்கு ஒருமுறை காய்ந்து போகிற நிலமும் நிறைய. தில்லியில் சுற்றுச்சூழலுக்கான அமைப்பு ஒன்றை நடத்திய அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-ல் ஒரு சிறிய புத்தகம் போட்டார்கள். சோற்றுக்காக விடுகிற வாயுவையும் சொகுசுக்காக விடுகிற வாயுவையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்டார்கள். படித்துவிட்டுப் பல நாள் அதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலகத்துக்கு வேட்டி மடித்துக்கட்டி வருகிறவர்கள் எல்லாம் உலகத்தைச் சூடாக்குகிறவர்கள் என்றால் கோபம் வராதா?

கோபத்தைவிட அளவு பேசியது. தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஏ. பி. மித்ரா என்ற மூத்த விஞ்ஞானி தலைமையில் 1991-ல் நாடு முழுக்கப் பல இடங்களில் வயலில் பெட்டி வைத்து அளந்தார்கள். கணக்கு முடிந்தபோது வந்தது சுமார் 40 லட்சம் டன்! அவர்கள் சொன்னதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பிற்பாடு உலகக் கணக்கும் இறங்கியது. இன்றைக்கு உலகத்து நெல்வயல்கள் அத்தனையும் சேர்த்து ஆண்டுக்கு 3 கோடி டன் அளவில் என்கிறார்கள். அதாவது, 1990-ல் இந்தியா ஒன்றின் தலையில் எழுதியது இன்றைய மொத்த உலகத்துக்கும் மேலே.

சரி, பழி குறைந்தது. ஆனால் பூதலூர்க்காரர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. எரு போடாத, தழை மிதிக்காத வயலிலும் வாயு வருகிறதே, அதற்குக் கரிமம் எங்கிருந்து வருகிறது? 1913-ல் யாரைக் கேட்டாலும் 'அழுகுகிற பழைய பொருள்' என்றிருப்பார்கள். ஆனால் வயலில் அளந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். நடவுக்குப் பின் மண்ணிலிருந்த பழைய தழை மக்கி ஒரு உச்சம் வரும், அது தணியும். பிறகு பயிர் பூக்கிற சமயத்தில், பழைய சரக்கு தீர்ந்திருக்க வேண்டிய நேரத்தில், வாயு மறுபடி ஏறும். யாரோ கீழே புதிதாகச் சாப்பாடு போடுகிறார்கள்.

இதை நேராகப் பார்க்க வேண்டுமென்றால் கரிமத்துக்கு அடையாளம் வைக்க வேண்டும். அதற்கு வழி 1940-ல் கேமன், ரூபன் இருவரும் கார்பன்-14 ஐக் கண்டுபிடித்ததும் கிடைத்தது. கதிரியக்கம் வேண்டாமென்றால் சற்றுக் கனமான கார்பன்-13 இருக்கிறது. செய்முறை எளிது. நெல் தொட்டியை ஒளி புகும் கூடாரத்தால் மூடு. அடையாளமிட்ட கரிமம் உள்ள கார்பன் டை ஆக்சைடை உள்ளே விடு. இலை அதை உண்ணட்டும். பிறகு கூடாரத்தைத் திறந்து, அடையாளக் கரிமம் தண்டில், வேரில், மண்ணில், வெளியே வரும் மீத்தேனில் எவ்வளவு என்று பார். ஜப்பானில் நகோயாவில் மினோடா, கிமுரா என்பவர்கள் இதைச் செய்து 1994-லும் 1996-லும் எழுதினார்கள். இலை உண்ட கரிமம் வேர் வழியாகச் சேற்றுக்குப் போய், மீத்தேனாகி, அதே செடியின் தண்டு வழியாக வெளியே வந்தது! வயல் விடும் மீத்தேனுக்குப் பெரிய மூலம் பழைய குப்பை அல்ல, பயிர் அந்தப் பருவத்தில் வெயிலில் சமைத்த சாப்பாடுதான் என்று இரண்டாவது கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

பிடுங்கினால் கையில் வருகிற அந்த ஒரு பிடி, கணக்கில் ஒரு பகுதிதான். கண்ணுக்குத் தெரியாமல் போகிறது மீதி. வேர் நுனி மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும்போது அதன் மேல்தோல் செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. வழவழப்பான ஒரு பசையை அது சுரக்கிறது. சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் புளிப்பான கரிம அமிலங்களும் கசிகின்றன. பக்கவேர்கள் முளைக்கின்றன, சாகின்றன, அவை இருந்த இடத்தில் புதியவை வருகின்றன. அறுப்பன்று நாம் பார்ப்பது கடைசியாக உயிரோடு இருக்கும் வேரை மட்டும். தானியப் பயிர்கள் பொதுவாகத் தாங்கள் சமைப்பதில் 100-க்கு 20 முதல் 30 வரை பூமிக்குக் கீழே அனுப்புகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வீட்டுச் சமையலில் கால் பங்கைத் தினம் கொல்லைப்புறம் ஊற்றுவது மாதிரி. வீண் என்று தோன்றும். அந்தக் கொல்லைப்புறத்து நுண்ணுயிர்கள்தான் பதிலுக்குத் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பயிருக்கு விடுவித்துத் தருகின்றன.

பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்து அவுலக் என்ற மண்ணியலாளர், பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பத்து ரகங்களின் வேர்க்கசிவைப் பிடித்துப் பார்த்தார். 2001-ல் வெளிவந்தது. நாற்றுப் பருவத்தில் கசிவு மிகக் குறைவு, பூக்கும் வரை ஏறுகிறது, முற்றும்போது இறங்குகிறது. அமிலங்களில் மாலிக் அமிலம்தான் முதலிடம். ஆப்பிளுக்குப் புளிப்புத் தருகிற அதே அமிலம். உயரமான பழைய ரகங்கள் அதிகம் கசிந்தன, குட்டை ரகங்கள் குறைவாக.

அந்தச் சாப்பாட்டைத் தின்று மீத்தேன் விடுகிறவர்கள் யார் என்பது 2005-ல் தெரிந்தது. ஜெர்மனியில் மார்பர்க் நகரில் யாஹாய் லூ, ரால்ஃப் கான்ராட் இருவரும் அடையாளக் கரிமம் எந்த நுண்ணுயிரின் உடம்பில் சேருகிறது என்று தேடினார்கள். வேரைச் சுற்றியிருந்த, அதுவரை யாரும் தனியாக வளர்த்தே பார்க்காத ஒரு கூட்டம் அகப்பட்டது. நெல் மண்ணில் முதலில் தட்டுப்பட்டதால் அதற்கு 'நெல் கூட்டம் 1' என்ற மாதிரிதான் பெயர் வைத்திருந்தார்கள். 2008-ல் ஜப்பானியர்கள் அதில் ஒன்றை வளர்த்துக் காட்டினார்கள்.

எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்தது 2002-ல் வந்த ஒரு சோதனை. மணிலா அருகே வயல்களில் அளந்தவர்களுக்கு ஒரு புதிர். மழைக்காலத்தில் விளைச்சல் குறைவு, மீத்தேன் அதிகம். வெயில் காலத்தில் விளைச்சல் அதிகம், மீத்தேன் குறைவு. டெனியர் வான் டர் கான் என்ற டச்சு ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவர்களும் ஒரு காரியம் செய்தார்கள். கதிர் வந்ததும் பூங்கதிரின் மணிகளைக் கையால் கிள்ளி எடுத்தார்கள். செடியின் இலை பழையபடி சமைத்துக்கொண்டே இருக்கிறது. கொண்டு போய்ப் போட மணி இல்லை. என்ன ஆயிற்று? மீத்தேன் கூடியது. மணியில் பால் பிடிக்க வேண்டிய கரிமம் வேர் வழியாகச் சேற்றில் இறங்கிவிட்டது. பதர் அதிகமான வயல் விவசாயிக்கும் நஷ்டம், காற்றுக்கும் நஷ்டம். இதே கருத்தைப் பிடித்து 2015-ல் ஸ்வீடனிலும் சீனாவிலும் இருந்த விஞ்ஞானிகள், வாற்கோதுமையிலிருந்து ஒரு மரபணுவை நெல்லில் சேர்த்து, மணிக்கு மாவு கூடி வேருக்குப் போவது குறையும்படி ஒரு ரகம் செய்தார்கள். மீத்தேன் வெகுவாகக் குறைந்தது. ஆனால் வேரைச் சுற்றி இருக்கிற கூட்டத்துக்குப் போடுகிற சோற்றை நிறுத்தினால் நாளைக்கு மண்ணுக்கு என்ன ஆகும் என்பது என் கவலை. நான் அட்டையில் எழுதிய அந்தக் கட்டத்தைப் பார்த்தே பழகியவன் அல்லவா?

ஏனென்றால் கீழே போவதெல்லாம் வாயுவாகி வெளியே வருவதில்லை. மீத்தேனாக வருவது, செடி சமைத்ததில் 100-க்குச் சிலதான். இன்னொரு பங்கு கார்பன் டை ஆக்சைடாகப் போகும். மீதி மண்ணில் தங்குகிறது. அதிலும் வேர் வழி வந்த கரிமம், மேலிருந்து போட்ட தழையைவிட நாள்பட நிற்கிறது. அது களிமண் துகளுக்குள்ளேயே, இரும்புத் துரு பக்கத்திலேயே பிறக்கிறது. அவற்றோடு ஒட்டிக்கொண்டால் நுண்ணுயிர் எளிதில் தின்ன முடியாது. மேலே தண்ணீர் நின்றால் மக்குவதும் மெதுவாகும். நெல்வயல் மண்ணில் கரிமம் பக்கத்துப் புன்செய் மண்ணைவிடப் பொதுவாக அதிகமாக இருப்பதற்கு இதுதான் காரணம். பூதலூர்க்காரர் மண் 'நடுத்தர'மாக நின்றதும் இதனால்தான். அவர் எரு போட்டாலும் போடாவிட்டாலும், போகத்துக்குப் போகம் அவர் பயிரே அவர் மண்ணுக்கு ஒரு தவணை கட்டிக்கொண்டிருந்தது. வைக்கோலைக் களத்துக்குக் கொண்டு போகலாம், நெல்லை மூட்டை கட்டலாம். வேர் கசிந்ததை யாரும் கொண்டு போக முடியாது. சீனாவில் யாங்சி ஆற்றின் கழிமுகப் பக்கம் 6,000 வருஷத்துக்கு முந்திய நெல்வயல்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்; கரிந்த அரிசி மணிகள் அந்த மண்ணில் கிடந்தன.

தவணை போதுமா என்றால், போதாது. அது மண்ணை 'நடுத்தர'த்தில் தாங்கும், 'அதிக'த்துக்கு ஏற்றாது. முன்பு குறுவை அறுத்த தாளை அப்படியே மடக்கி உழுதுதான் அடுத்த நடவு. அந்தப் பட்டத்துக்குப் பெயரே தாளடி. கொழிஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு போட்டு மிதிப்பார்கள். இப்போது அறுவடை இயந்திரம் கையறுப்பைவிட உயரமாகத் தாளை விடுகிறது, அது மண்ணுக்கு லாபம். ஆனால் பின்னாலேயே இன்னொரு இயந்திரம் வந்து வைக்கோலை உருட்டிக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது. பஞ்சாபில் கொளுத்துகிறார்கள், அதைவிட இது மேல். தழை மிதிக்கச் சொன்னால் மீத்தேன் கூடும் என்று இப்போது சிலர் பயமுறுத்துகிறார்கள். கூடும்தான், பச்சையாக நடவுக்கு முதல் நாள் மிதித்தால். தண்ணீர் கட்டுவதற்கு முன்பே உழுது, காற்றுப்பட மக்கவிட்டால் அவ்வளவு வராது.

தண்ணீர் விஷயத்தில் நம் பாட்டன்மார் சொல்லே போதும்: காய்ச்சலும் பாய்ச்சலும். வயலைக் காயவிட்டு, லேசாக வெடிப்பு ஓடும்போது மறுபடி பாய்ச்சுவது. நெல் ஆராய்ச்சி நிலையக்காரர்கள் இதற்குத் துளை போட்ட குழாய் ஒன்றை வயலில் புதைக்கச் சொல்கிறார்கள். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனதும் பாய்ச்சினால் போதும். காற்று உள்ளே போனதும் மீத்தேன்காரர்கள் ஒடுங்கிவிடுவார்கள். பாதியளவு வரை குறைகிறது என்று பல நாட்டு வயல்களில் அளந்திருக்கிறார்கள். சீனாவில் 1980-களிலிருந்தே நடுப்பருவத்தில் வயலை வடிக்கிற பழக்கம் பரவியிருக்கிறது. அவர்கள் வடித்தது விளைச்சலுக்காக. மீத்தேன் குறைந்தது கொசுறு. பூக்கிற சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. அந்தப் பத்துப் பதினைந்து நாள் தண்ணீர் நிற்கட்டும். குமிழி வந்தால் வரட்டும், மணியில் பால் பிடிப்பதுதான் முக்கியம். என் தம்பி மகன் போன சம்பாவில் இரண்டு மாவில் இந்தக் குழாயை வைத்திருக்கிறான். மோட்டார் போட்ட நாட்களைக் காலண்டரில் குறித்து வருகிறான். அறுப்பு முடிந்ததும் அந்த வயல் மண்ணையும் பக்கத்து வயல் மண்ணையும் பையில் கட்டிக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.